உங்களுக்குத் தெரியுமா? கண்மாய்ப் பாசியும் துருவக் கடலும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் போனால் வழிநெடுகக் கரிசல், சீமைக்கருவேலம், நடுநடுவே கண்மாய்க் கரை. விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. குண்டாறுகூட எங்களைத் தாண்டிப் போய்த்தான் மன்னார் வளைகுடாவைத் தேடுகிறது. இந்த வானம் பார்த்த பூமியில் உட்கார்ந்துகொண்டு துருவக் கடல்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்வது கண்மாய்ப் பாசனக்காரர்களுக்குப் பரம்பரையாக வந்த அறிவு. அதே அறிவைத்தான் எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு செயற்கைக்கோள்கள் ஆர்க்டிக்கிலும் அண்டார்டிகாவிலும் பயன்படுத்துகின்றன.

*

ஒரே கண்மாய் வருடத்துக்குள் எத்தனை நிறம் காட்டுகிறது, கவனித்திருக்கிறீர்களா? ஐப்பசி மழையில் வரத்துக்கால் வழியாகப் புதுவெள்ளம் இறங்கும்போது மண் கலங்கல். தையில் தெளிந்துவிடும். பங்குனியில் தண்ணீர் சுண்டச் சுண்டப் பச்சை ஏறும். கருவேலஞ்சருகு ஊறிக் கிடக்கும் ஓரங்களில் மட்டும் பால் விடாத தேநீர் நிறம். மண், சருகுச் சாறு, பாசி என்று நிறம் கொடுப்பவை மூன்றே மூன்று. தண்ணீரின் சொந்த நீலத்தை விட்டுவிட்டால் கடலுக்கும் இந்த மூன்றுதான். கடல் நிறத்தைப் படிக்கிற விஞ்ஞானிகளின் வேலையெல்லாம் இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தெடுப்பதுதான்.

*

நடுக்கடலில் பச்சை காட்டுவது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் உயிர்கள். பைட்டோபிளாங்க்டன் என்பார்கள், மிதவைப் பாசி என்று வைத்துக்கொள்வோம். பயிர் இலையில் இருக்கும் அதே பச்சையம்தான் இவற்றிலும். பச்சையம் நீல ஒளியை விழுங்கும், பச்சையை அவ்வளவாகத் தொடாது. ஆகவே பாசி கூடக்கூட, கடலிலிருந்து மேலே வரும் ஒளியில் நீலம் குறையும். நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்தால், ஒரு கனமீட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் என்று கணக்குப் போட்டுவிடலாம். கப்பலில் போய் வாளியில் மொண்டு வந்து வடிகட்டி அளந்த அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் அந்தக் கணக்கு உருவானது.

*

உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி கடலில் நடக்கிறது. காடு, வயல், புல்வெளி எல்லாம் சேர்ந்து மீதிப் பாதி.

*

செயற்கைக்கோளின் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியில் சுமார் 10 சதவீதம்தான் கடல் தண்ணீருக்குள் போய்த் திரும்பியது. மிச்சம் 90 சதவீதமும் காற்றும் தூசியும் சிதறடித்த ஒளி. சந்தைக்கடை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் காதோடு சொன்னதைப் பிரித்துக் கேட்பது போன்ற வேலை இது. கணக்கில் ஒரு சிறு பிழை வந்தாலும் இல்லாத பாசி இருப்பதாகத் தெரியும்.

*

கடல் ஏன் நீலமாக இருக்கிறது? வானத்தின் நீலம் அதில் தெரிகிறது, அவ்வளவுதான் என்று ராலே என்ற பெரிய இயற்பியலாளரே நினைத்திருந்தார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து எஸ்.எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன் மத்தியதரைக் கடலில் இதைச் சோதித்துப் பார்த்தார். கையில் வைத்திருந்த நிக்கோல் பட்டகத்தால், மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னைவிட அழுத்தமாகத் தெரிந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். 1923-இல் அவரோடு சேர்ந்து உழைத்த கே.ஆர். ராமநாதன் கடலின் நிறம் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். பிற்பாடு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஆனவர் இவர்.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டம் வருகிறது. 1928-இல் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து புதிய சிதறலைக் கண்டறிந்த கே.எஸ். கிருஷ்ணன் பிறந்தது 1898-இல், வத்திராயிருப்பில். பள்ளிப் படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில், கல்லூரி மதுரை அமெரிக்கன் கல்லூரியில். அவர்கள் இருவரும் நேச்சர் இதழில் எழுதிய அந்தச் சிதறல் வெறும் ஆய்வுக்கூட விந்தை இல்லை. கடல் தண்ணீருக்குள் நுழையும் நீல ஒளியில் ஒரு சிறு பங்கை அது பச்சை, மஞ்சள் பக்கமாகத் தள்ளிவிடுகிறது. தெளிந்த கடல்களில் செயற்கைக்கோள் அளக்கும் பச்சையில் இதற்கும் பங்கு உண்டு. அதைக் கழிக்காவிட்டால் இல்லாத பாசியை இருப்பதாக எண்ணிவிடுவோம். கடல் நிறத்தைப் படிக்கும் இன்றைய கணினி நிரல்களில் 'ராமன் திருத்தம்' என்றே ஒரு படி இருக்கிறது. எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

*

கடல் தண்ணீரின் தெளிவை அளக்க முதலில் பயன்பட்ட கருவி ஒரு வெள்ளைத் தட்டு. 1865-இல் போப்பாண்டவரின் கப்பலில் இருந்தபடி பாதிரியார் ஆஞ்சலோ செக்கி அதைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். இன்றும் ஆய்வுக் கப்பல்களில் அந்தத் தட்டு இருக்கிறது.

*

கடலின் நிறத்தை அளக்கவென்றே விண்ணுக்குப் போன முதல் கருவி, 1978-இல் நாசா அனுப்பிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் இருந்தது. 1986-இல் அது ஓய்ந்தது. அதன்பின் பத்து வருடம் உலகத்துக்கு அந்தக் கண்ணே இல்லை. துருவக் கடலில் அந்தப் பத்துக் கோடைகளில் பாசி எப்போது பூத்தது, எவ்வளவு பூத்தது என்பதற்கு வானத்திலிருந்து எடுத்த பதிவு கிடையாது. இனி யாராலும் எடுக்கவும் முடியாது. அந்த இடைவெளி முடிந்தது எதில் என்று நினைக்கிறீர்கள்? 1996 மார்ச் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏற்றிப்போன இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-பி3 செயற்கைக்கோளில். ஜெர்மானியர் செய்துகொடுத்த கடல் நிறக் கருவி அதில் இருந்தது. மறு வருடம் அமெரிக்காவின் சீவிஃப்ஸ் போனது; 2010 வரை உழைத்தது.

பிறகு நம்முடைய சொந்தக் கருவி. 1999 மே 26 அன்று ஓஷன்சாட்-1 போனது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்த அதன் கருவி எட்டு நிறப்பட்டைகளில் கடலைப் பார்த்தது. ஒரே வீச்சில் 1,420 கிலோமீட்டர் அகலம். இரண்டு நாளைக்கு ஒருமுறை அதே இடம். 2009-இல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பர் 26 அன்று ஓஷன்சாட்-3. இப்போது பட்டைகள் 13. இவற்றைச் சுமந்த பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் எரியும் விகாஸ் எஞ்சின் சோதிக்கப்படுவது திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில். எங்களுக்கு அது தெற்கே கூப்பிடு தூரம்.

*

உச்சி வெயிலில் கண்மாய்க் கரையில் நின்றால் தண்ணீரின் பளபளப்பு கண்ணைக் கூசவைக்கும். உள்ளே மீன் தெரிய வேண்டுமென்றால் இரண்டடி தள்ளி நின்று சாய்ந்து பார்ப்போம். ஓஷன்சாட் கருவியும் இதையே செய்கிறது. சூரியப் பளபளப்பைத் தவிர்க்க 20 பாகை முன்னும் பின்னும் சாய்த்துக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.

*

நம் ஊரில் கண்மாய் நிறையும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் அண்டார்டிகாவைச் சுற்றிய கடல் பச்சை பிடிக்கிறது. அங்கே அது வசந்தமும் கோடையும். குளிர்காலம் முழுக்க உறைந்திருந்த கடல்பனி உருகுகிறது. உருகிய நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது. மேலேயே மெல்லிய அடுக்காக மிதக்கும். அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்ட பாசி ஆழத்துக்குப் போகாமல் வெளிச்சத்திலேயே இருக்கிறது. நாள் முழுக்க அணையாத வெயில், ஆழத்திலிருந்து குளிர்காலத்தில் கலந்து வந்த சத்து. பனி பின்வாங்கப் பின்வாங்க அதன் ஓரத்தை ஒட்டியே பச்சைக் கரை போட்டாற்போல் பாசி நகர்ந்துபோவது செயற்கைக்கோள் படங்களில் தெரிகிறது. அதை மேய கிரில் என்ற இறால் போன்ற உயிர்கள் கூடும். கிரிலைத் தேடித் திமிங்கலங்கள் வரும். தண்ணீரின் வெப்பநிலை அப்போதும் பூஜ்யத்தை ஒட்டித்தான். மைனஸ் 1.8 பாகையிலும் உயிரோடு இருக்கும் பாசிகள் அவை.

*

இவ்வளவு சத்து இருந்தும், அண்டார்டிகாவைச் சுற்றிய இந்தத் தென்கடலின் பெரும்பகுதியில் பாசி அவ்வளவாக வளர்வதில்லை. ஏன்? இரும்பு இல்லை. கரிசலிலும் செம்மண்ணிலும் காலில் மிதிபடுகிற இரும்பு, அங்கே அவ்வளவு அரிது. அந்த மேல்தண்ணீரில் ஒரு கிராம் இரும்பு சேர வேண்டுமென்றால் சுமார் ஒன்பது கோடி லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி ஏழாயிரத்துக்கு மேல் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அளவு புரியும்.

இரும்பைத் தூவினால் பாசி பெருகும், காற்றிலுள்ள கரியமிலவாயுவும் குறையும் என்று அமெரிக்கர் ஜான் மார்ட்டின் 1980-களின் கடைசியில் வாதாடினார். 1999-இல் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே தூவிப் பார்த்தபோது, ஆறு வாரம் கழித்தும் 150 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்த பச்சைக் கீற்று சீவிஃப்ஸ் படத்தில் தெரிந்தது.

இந்தியாவும் செய்து பார்த்தது. 2009 ஜனவரி முதல் மார்ச் வரை கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய 'லோஹாஃபெக்ஸ்'. லோஹா என்றால் இந்தியில் இரும்பு. கோவாவின் வாஜி நக்வியும் ஜெர்மனியின் விக்டர் ஸ்மெட்டாச்செக்கும் தலைமை. போலார்ஸ்டெர்ன் கப்பல் கேப்டவுனிலிருந்து கிளம்பியபோதே எதிர்ப்பு எழுந்தது. ஜெர்மன் அரசு கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, மறு ஆய்வுக்குப் பிறகு அனுமதித்தது. தென் அட்லாண்டிக்கில் ஒரு கடல் சுழியைத் தேர்ந்து, அதன் நடுவில் 300 சதுர கிலோமீட்டரில் இரும்பு சல்ஃபேட் கரைசலை விட்டார்கள்.

பாசி பெருகியது. ஆனால் கரியமிலவாயு எதிர்பார்த்தபடி கடலடிக்குப் போகவில்லை. கண்ணாடி ஓடு கட்டும் டயட்டம் என்ற பாசிக்கு சிலிக்கா வேண்டும். அந்தத் தண்ணீரில் சிலிக்கா இல்லை. ஓடில்லாத சின்னப் பாசிகளே வளர்ந்தன. அவற்றைக் கோபிபாட் என்ற குட்டி உயிர்கள் ஆட்டு மந்தை மாதிரி மேய்ந்து தீர்த்தன. யூரியாவை மட்டும் அள்ளிப்போட்டால் வெள்ளாமை வராது என்பதைக் கரிசல் சம்சாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்கும் அதே நியாயம்தான். அந்த ஆய்வு தோற்றது என்று சிலர் எழுதினார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடலில் எதைக் கொட்டினாலும் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை அது தடுத்து நிறுத்தியது.

*

திருச்சுழி என்ற பேரிலேயே சுழி இருக்கிறது. பிரளய வெள்ளம் சிவனின் சூலம் பட்ட இடத்தில் சுழித்துப் பூமிக்குள் இறங்கியது என்பது திருமேனிநாதர் கோயிலின் தலக்கதை. கடலில் நூறு, இருநூறு கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழிகள் உண்டு. கப்பலில் இருப்பவர் கண்ணுக்கு அவை தெரியா. பாசி அந்தச் சுழியோடு சேர்ந்து சுற்றுவதால், வானத்திலிருந்து எடுத்த நிறப் படத்தில் சிக்குக் கோலம் போட்டதுபோல் தெரியும்.

*

தென்கடலுக்கு இரும்பு காற்றில் வரும் தூசியிலும் போகிறது. 2019-20-இல் ஆஸ்திரேலியக் காடுகள் எரிந்தபோது எழுந்த புகை பசிபிக் பக்கம் அடித்துப்போய்த் தென்கடலில் இறங்கியது. சாம்பலில் இருந்த இரும்பைத் தின்று, ஆஸ்திரேலியாவைவிடப் பெரிய பரப்பில் பாசி பூத்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன.

*

2000 மார்ச்சில் அண்டார்டிகாவின் ராஸ் பனித்திட்டிலிருந்து பி-15 என்ற பனிப்பாறை உடைந்து பிரிந்தது. பரப்பு சுமார் 11,000 சதுர கிலோமீட்டர்; விருதுநகர் மாவட்டத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதிலிருந்து உடைந்த துண்டுகள் ராஸ் கடலில் குறுக்கே நின்று, கடல்பனி வெளியேறாதபடி மறித்தன. அடுத்து வந்த கோடையில் அங்கே பாசி விளைச்சல் 40 சதவீதம் விழுந்தது. இதைப் போய்ப் பார்த்துச் சொல்ல ஒரு கப்பலால் முடியாது. சீவிஃப்ஸ் சொன்னது.

*

ஆர்க்டிக் கதை வேறு மாதிரி. அங்கே கடல்பனி பல பத்தாண்டுகளாகக் குறைந்துவருகிறது. திறந்த தண்ணீர் கூடக்கூடப் பாசிக்கு வெளிச்சமும் கூடுகிறது. 1998-க்கும் 2018-க்கும் இடையில் ஆர்க்டிக் பெருங்கடலின் பாசி விளைச்சல் 57 சதவீதம் ஏறியது. சில பகுதிகளில் வசந்தப் பூப்பு 50 நாள் வரை முன்கூட்டியே வருகிறது. முன்பு வருடத்துக்கு ஒரு பூப்பு இருந்த இடங்களில் இப்போது இலையுதிர் காலத்தில் இரண்டாம் பூப்பும் தலைகாட்டுகிறது. விளைச்சல் கூடினால் நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது. பூப்பு வரும் நாளை நம்பியே அங்கே குஞ்சு பொரிக்கும் உயிர்கள் உண்டு. விதைப்பு நாள் தப்பினால் என்ன ஆகும் என்று ஆடிப்பட்டத்தை நம்பி இருப்பவர்களுக்குத் தெரியும்.

*

2011 ஜூலையில் அலாஸ்காவுக்கு வடமேற்கே சுக்சி கடலில் போன அமெரிக்கக் கப்பல் ஒன்று, ஒரு மீட்டர் கனப் பனிக்கு அடியில் பெருவாரியாகப் பாசி பூத்திருப்பதைக் கண்டது. வெளிச்சமே போகாது என்று நம்பியிருந்த இடம். பனிமேல் தேங்கிய உருகுநீர்க் குட்டைகள் சன்னல் மாதிரி ஒளியை உள்ளே விட்டிருக்கின்றன. செயற்கைக்கோளுக்கு அது ஒருபோதும் தெரிந்திருக்காது.

*

செயற்கைக்கோளின் கண்ணுக்கு வேறு குறைகளும் உண்டு. துருவத்தில் ஆறு மாத இருட்டு. கோடையிலும் ஓயாத மேகம். சூரியன் அடிவானத்தை ஒட்டியே நிற்பதால் ஒளி சாய்ந்து விழும். சைபீரிய நதிகள் கொண்டுவந்து சேர்க்கும் சருகுச் சாற்றையும் பாசி என்று எண்ணிவிடும். நம் கண்மாய் ஓரத்துத் தேநீர் நிறம் நினைவிருக்கிறதா? அதே சிக்கல்தான். தென்கடலில் நேர்மாறு: வழக்கமான கணக்கு அங்கே பாசியைக் குறைத்தே காட்டுகிறது. இருட்டில் பார்க்க ஒரு வழி கிடைத்தது. மேகங்களை ஆராய 2006-இல் போன காலிப்சோ செயற்கைக்கோளின் லேசர் கதிர் கடலுக்குள்ளும் கொஞ்சம் இறங்கித் திரும்பியது; அதை வைத்துத் துருவ இரவிலும் பாசியைக் கணக்கிட்டார்கள்.

*

வடதுருவப் பக்கம் பேரன்ட்ஸ் கடல் ஆகஸ்டு மாதத்தில் பால் கலந்த மயில்நீலமாக மாறும். சுண்ணாம்புத் தகடுகளைப் போர்த்திய ஒரு பாசி செய்கிற வேலை அது.

*

துருவத்தில் இந்தியாவுக்கும் வீடுகள் உண்டு. ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் ஹிமாத்ரி. அங்கே கோங்ஸ்ஃபியார்டில் 2014-இல் தண்ணீருக்குள் நிறுத்திய இண்டார்க் என்ற கருவித்தொடர். அண்டார்டிகாவில் மைத்ரி, 2012 முதல் பாரதி. பாரதியில் செயற்கைக்கோள் தரவை வாங்கும் நிலையமும் இருக்கிறது. துருவச் சுற்றில் போகும் செயற்கைக்கோள் நாளைக்கு 14 சுற்றுக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் துருவத்தை ஒட்டித்தான் போயாக வேண்டும். ஐதராபாத் பக்கத்தில் ஷாத்நகரில் இருக்கும் தரவு நிலையத்துக்கு நாளைக்குச் சில தடவை மட்டுமே கிடைக்கும் செயற்கைக்கோள், பாரதிக்கு அதைவிடப் பல தடவை தலைக்கு மேல் வரும். அங்கே வாங்கிய தரவு உடனே ஷாத்நகருக்கு வந்துவிடுகிறது.

*

எங்கள் பக்கத்துக் கடலிலும் பாசி இப்படிப் பூப்பது உண்டு. 2019-இல் மன்னார் வளைகுடா பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. ராமநாதபுரம் மீனவர்கள் 'பூங்கோரை' என்று சொல்லும் நாக்டிலூகா பாசி அது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கூடும் இடத்தைத் தமிழிலும் மீனவர்களுக்குத் தெரிவிக்கிறது. தூரத்துத் தென்கடலுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு: மனிதர் காற்றில் விடும் கரியமிலவாயுவில் கடல்கள் இழுத்துக்கொள்ளும் பங்கில் சுமார் 40 சதவீதம் தென்கடலின் வேலை. அங்கே பாசி பூக்கிறதா இல்லையா என்பது திருச்சுழிக்காரருக்கும் சம்பந்தப்பட்ட சேதி.

*

ஓஷன்சாட்-3 பூமத்திய ரேகையைக் கடப்பது உள்ளூர் நேரப்படி நண்பகல்வாக்கில். இரண்டு நாளைக்கு ஒருமுறை அருப்புக்கோட்டையும் அதன் பார்வைக்குள் வந்து போகிறது. எங்கள் கண்மாய்கள் அதன் படத்தில் 360 மீட்டர் சதுரப் புள்ளிகள் சில. அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் அது துருவக் கடலுக்கு மேல் இருக்கும்.